சூரியனுக்கு அரைப் பேர்

"இருநூறு வருசமா நம்ம ஆளுங்க வெயிலுக்குக் கீழ வேலை செஞ்சாங்க. இனிமே வெயில் எனக்குக் கீழ வேலை செய்யும். இந்தப் பொகவந்தலாவையில சூரியனை வேலைக்கு வச்ச மொத ஆளு நான்தான்."

ஜனவரி மாதத்து ஒரு காலையில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் நின்றுகொண்டு ஆண்டியப்பன் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பகிடியாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவரோ தேசிய கீதத்துக்கு நிற்பவர் போலக் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் காலைப் பெரட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டிய பெண்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆபீஸ் காவற்காரர் இராமையா மட்டும் முற்றத்து மூலையில் குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலையில் அதற்குள் இருக்கும் போத்தலை எடுத்து, விழுந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒரு கண்ணை மூடி அளவைப் பார்த்து, சுவரிலுள்ள கரும்பலகையிலும் தடித்த புத்தகமொன்றிலும் எழுதிவைப்பது அவருடைய வேலை. பத்தொன்பது வருடங்களாக இதைச் செய்கிறார். யாரும் அந்தப் பலகையைப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

"அண்ணே," என்றார் இராமையா, குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன ஜூலை மாசம் இருவத்தாறு நாள் மழை. மிச்ச அஞ்சு நாளும் மூடுபனி. புத்தகத்துல இருக்கு. ஒங்க கரண்டு பில் எவ்வளவுங்க வருது?"

"தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம் ரூவா பில்லை ஒழிக்கிறதுக்குப் பதினொரு லட்சத்துல சோலாருங்களா?"

ஆண்டியப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "போத்தல்ல மழைத்தண்ணி புடிச்சி அளக்கிற ஆளு எனக்கு வெயிலைப் பத்திப் பாடம் எடுக்கிறாரு. வானம் ஊத்துறத அளந்து எழுதி இதுவரைக்கும் எவன்யா பணக்காரனானான்? அரிவரிப் புள்ளைங்க செய்ற வேலை அது."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இராமையாவும் சிரித்தார். பலகையில் நான்கு என்று எழுதிவிட்டு உள்ளே போனார்.

ஆண்டியப்பனை வெறும் வாய்வீச்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அடுப்புக்காரராக இருந்தவர். கொழுந்து காயவைக்கும் இயந்திரத்துக்கு விறகு போட்டுச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. புறங்கையைச் சற்றுத் தூரத்தில் நீட்டிப் பார்த்தே எத்தனை பாகைச் சூடு என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதும் கருவி காட்டுவதும் வேறுபட்டால் கருவியைத்தான் பழுதுபார்ப்பார்கள். சூடு சம்பந்தமாக உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவர் நம்பியதற்கு ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரம்தான் பிறகு காலை வாரியது.

அவரும் மனைவி காளியாயியும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். அரசாங்கம் ஏழு பேர்ச் காணியில் கட்டிக்கொடுத்த தனி வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு குசினியையும் முன்பக்கம் ஒரு கேற்றையும் சேர்த்தது போக, இரண்டு பேருடைய ஈ.பி.எஃப். பணத்திலும் ஆறு லட்சம் மிஞ்சியது. பணம் வங்கிக்கு வந்த வாரமே, ஹட்டனிலிருந்து தனுஷன் என்ற இளைஞன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவன் கையில் ஒரு வர்ணக் காகிதம். அதில் ஒரு சூரியன் பல்லைக் காட்டிச் சிரித்தது. அதற்குக் கீழே ஒரு வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் மலை இல்லை, பக்கத்தில் மரம் இல்லை, மேலே மேகமும் இல்லை. அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று ஆண்டியப்பன் கேட்கவில்லை.

கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்தினால் வீட்டுக்குத் தேவையான கரண்டு போக மிச்சத்தை மின்சார சபைக்கு விற்கலாம், மாதம் பதினைந்தாயிரம் வரும் என்றான் தனுஷன். மொத்தச் செலவு பதினொரு லட்சம். ஆறு லட்சத்தைக் கையில் கொடுத்தால் மீதி ஐந்துக்கு வங்கிக் கடன், ஐந்து வருடத்துக்கு மாதம் பதின்மூவாயிரத்து நானூறு. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் மகன் ஜீவராஜ் பிணைக்குக் கையெழுத்துப் போட்டான். கடன் கட்டியது போகவும் மாதம் ஆயிரத்து அறுநூறு மிஞ்சும் என்று ஆண்டியப்பன் வாய்க்கணக்காகவே சொன்னார். அந்தக் கழித்தல் மிகச் சரியானது. அவர் செய்த கணக்குகளில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

தகடுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது அவர் ஏணியில் ஏறினார். கூரைத் தகரம் நெடுகப் புறங்கையை நீட்டிக்கொண்டு போனார். குசினிக்கு மேலே வந்ததும் நின்றார். வீட்டிலேயே அதிகச் சூடு அங்கேதான் இருந்தது. இருக்காதா பின்னே? கீழே காளியாயி விறகு அடுப்பில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் வைக்கணும். ராவுலயும் சூடு கெடைக்கும்," என்றார்.

தகட்டுக்கு வேண்டியது வெளிச்சமே தவிரச் சூடு அல்ல என்பது தனுஷனுக்குத் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருட அனுபவத்தோடு வாதாட அவனுக்கு நேரமில்லை. ஏணியும் அந்தப் பக்கம்தான் சாத்தியிருந்தது.

இப்படியாகச் சூரியன் ஆண்டியப்பனிடம் வேலைக்குச் சேர்ந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. எடுத்த கொழுந்து நிறையில் குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். இந்தச் சட்டத்தை ஆண்டியப்பன் சூரியனுக்கும் அமல்படுத்தினார். காலை ஆறரைக்கு முற்றத்தில் நின்று, ஆட்களைப் பிரித்து அனுப்பும் கங்காணி போலக் கூரையைப் பார்ப்பார். மாலையில் சுவரிலிருக்கும் பெட்டியில் பச்சையாக எரியும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கலண்டரில் முழுப் பேர் என்றோ அரைப் பேர் என்றோ எழுதுவார். பெப்ரவரியில் எல்லாம் முழுப் பேர். மார்ச்சில் ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் வந்தது. பதினைந்தாயிரம் வரவில்லையே என்று காளியாயி கேட்டதற்கு, புதிதாக வேலைக்கு வந்தவனிடம் முதல் மாதமே நிறையக் கொழுந்து எதிர்பார்க்கக் கூடாது என்றார்.

ஏப்ரலில் வெயில் அடித்தும் எண் குறைந்தது. குசினிப் புகை தகட்டின் மேல் படிந்து, தகடு தோசைக்கல் நிறத்துக்கு வந்திருந்தது. மே கடைசியில் மூடுபனி இறங்கியது. அதற்குப் பிறகு அது எழுந்து போகவேயில்லை. ஜூன் மாதக் கலண்டரில் நெடுக அரைப் பேர். ஜூலையில் சில நாட்களுக்கு எதுவுமே எழுத முடியவில்லை. ஒரு தொழிலாளி இத்தனை நாள் வராமல் இருந்தால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள். சூரியனின் பேரை வெட்ட ஆண்டியப்பனுக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஜூலைக் கணக்கில் வந்தது மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய். வங்கிக்காரர் கேட்டது வழக்கம்போலப் பதின்மூவாயிரத்து நானூறு.

குறையைச் சரிக்கட்டக் காளியாயி திரும்பவும் மலைக்குப் போனாள். ஓய்வு பெற்றவர்களும் அன்றன்றைக்குக் கொழுந்து எடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு வாங்கலாம். ஐம்பத்தேழு வயதில் அவள் மறுபடி, சேலை நனையாமல் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மழையில் ஏறினாள். சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. ஒரு நாள் காலை, எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, "மலைக்கு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அக்கம்பக்கத்தார் கேட்டபோது ஆண்டியப்பன் விளக்கம் வைத்திருந்தார். "சும்மா இருந்தா சீனி வியாதி வரும்னு டாக்டரு சொல்றாங்க. ஒடம்புக்கு நல்லதுன்னு நான்தான் போகச் சொன்னேன்." சோலார் எப்படி என்றால், "மழையிலகூடச் சல்லி வருது," என்பார். அது பொய் அல்ல. எவ்வளவு என்றுதான் அவர் சொல்வதில்லை.

இரண்டு தவணை கட்டப்படாமல் நின்றது. வங்கியிலிருந்து தான் வேலை செய்யும் கடைக்கே கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று ஜீவராஜ் தொலைபேசியில் சொன்னான். சரி என்றார் ஆண்டியப்பன். ஃபோனை வைத்துவிட்டு, கோபமாவது துக்கமாவது வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் சொந்தக் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அப்படி இருந்தது. வெளியே வந்து, சுவர்ப் பெட்டியின் எண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பகல் இரண்டு மணிக்கு.

இந்த நேரத்தில்தான் தனுஷன் மறுபடி வந்தான். புதிதாக ஒரு வீட்டைச் சேர்த்துவிட்டால் ஆண்டியப்பனுக்கு இருபத்தையாயிரம் தருவதாகச் சொன்னான். ஏறக்குறைய இரண்டு தவணை. ஆளைத் தேடிப் போகவும் தேவையில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் வேலாயி போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். புருஷன் செத்துப் பல வருடம், ஒரே மகள் ராகலையில் கட்டிக்கொடுத்த இடத்தில். ஈ.பி.எஃப். பணம் ஏழு லட்சம் வந்திருந்தது.

அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. வேலாயியின் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண்மேடு. போன மழைக்கு அதில் ஒரு துண்டு சரிந்து குசினிச் சுவரில் வந்து சாய்ந்தது. மண்ணைத் தடுக்கக் கல்லுக்கட்டு ஒன்று கட்ட நான்கு லட்சம் ஆகும் என்று மேசன் சொல்லியிருந்தார். தனுஷன் அவளுக்கு வேறு வழி காட்டினான். பணத்தைக் கல்லில் போட்டால் கல்லாகவே இருக்கும், சோலாரில் போட்டால் மாதாமாதம் குட்டி போடும், மூன்றே வருடத்தில் அந்த வருமானத்தில் கல்லுக்கட்டைக் கட்டலாம் என்றான். வேலாயிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆண்டியப்பண்ணன் வீட்டில் வைத்து ஒரு பேச்சுக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். மழைத்தூறல். ஆண்டியப்பனின் முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனுஷன் மழைக்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சிரிக்கும் சூரியனை மேசையில் விரித்தான். பக்கத்தில் படிவம். படிவத்தின் மேல் பேனா.

"எனக்கு இந்த எழுத்தெல்லாம் வெளங்காதுண்ணே," என்றாள் வேலாயி. "ஒங்க வீட்டுக்கு எப்புடியோ அப்புடியே எனக்கும்னு தம்பிகிட்டச் சொல்லிட்டேன். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

தனுஷன் ஆண்டியப்பனைப் பார்த்தான். ஒரு 'ஆமா' போதும். தலையை ஆட்டினாலும் போதும். வங்கிக்காரர் இரண்டு மாதத்துக்கு வாயை மூடுவார். ஆண்டியப்பன் தலையை ஆட்டுவதற்காக நிமிர்ந்தார்.

அப்போது காளியாயி மலையிலிருந்து வந்து சேர்ந்தாள். ஞாயிறும் கைக்காசுதான். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. வந்தவர்களைக் கண்டதும் நேரே குசினிக்குப் போய், உடுப்புக்கூட மாற்றாமல், மூன்று கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். கோப்பையைப் பிடித்திருந்த விரல்களில் கொழுந்துச் சாயம் கறுப்பாக ஏறியிருந்தது. நகக்கண்களில் வெடிப்பு.

"அக்கா, சூரியன் சம்பாதிக்கிற வீட்டுல ஒங்களுக்கு என்னக்கா தலையெழுத்து, இந்த மழையில?" என்று கேட்டாள் வேலாயி.

"ஒடம்புக்கு நல்லதாம்," என்றாள் காளியாயி. அதில் குத்தல் எதுவும் இல்லை. கடைக்குப் போனால் சீனி வாங்கிவாருங்கள் என்பது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆண்டியப்பன் வெட்கம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. உள்ளே எல்லாம் அதே மரத்துப்போன நிலைதான். ஆனாலும் வாய் தானாகத் திறந்தது, வந்தது அவருடைய வாக்கியமே அல்ல, ஆபீஸ் முற்றத்தில் கேட்டது.

"வேலாயி, ஒன் கரண்டு பில் எவ்வளவு வருது?"

"நானூத்தி இருவதுண்ணே."

"நானூத்தி இருவது ரூவாய மிச்சம் புடிக்கிறதுக்குப் பதினொரு லட்சமா?"

தனுஷன் இருமினான். பில்லைக் குறைப்பது ஒரு பக்கம், மிச்சத்தை விற்பதில்தான் லாபமே என்று நினைவுபடுத்தினான். ஆண்டியப்பன் எழுந்துபோய்க் கலண்டரைக் கழற்றி எடுத்துவந்து மேசையில், சிரிக்கும் சூரியனுக்கு மேலேயே போட்டார். ஜூலையைப் புரட்டிக் காட்டினார். குரல் உயரவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையைப் படிப்பவர் மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தார். நல்ல மாதத்தில் வந்தது ஒன்பதாயிரத்து இருநூறு. ஜூலையில் மூவாயிரத்து நூற்றைம்பது. மாதாமாதம் கட்ட வேண்டியது பதின்மூவாயிரத்து நானூறு. கட்டாமல் நிற்பது இரண்டு மாதம். மலைக்குப் போவது காளியாயி.

"அங்கிள், ரெண்டு மாசத்தை வச்சி முடிவு பண்ணக் கூடாது. வருசத்துச் சராசரிய எடுக்கணும்," என்றான் தனுஷன்.

"பேங்க்காரன் சராசரிக்கு நிக்க மாட்டேங்கிறான் தம்பி. மாசாமாசம் வந்து நிக்கிறான்."

தனுஷன் குரலைத் தாழ்த்தினான். "அங்கிள், ஒங்களோட அந்த இருபத்தஞ்சாயிரம்..."

"என்ன இருவத்தஞ்சாயிரம்?" என்றாள் வேலாயி.

"நீ கையெழுத்துப் போட்டா எனக்குக் கெடைக்கிற சல்லி," என்றார் ஆண்டியப்பன். வேலாயி பேனாவிலிருந்து கையை எடுத்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"தகட்டுல ஒரு குத்தமும் இல்ல வேலாயி. டவுன்ல பேக்கரிக்காரருக்கு மாசம் முப்பதாயிரம் பில்லு. பட்டப்பகல்ல மெசின் ஓடுது. கூரைய மரமும் மறைக்கல, புகையும் அடிக்கல. அவரு கணக்குப் பாத்து வச்சா லாபமா இருக்கும். அவங்கவங்க பில்லையும், அவங்கவங்க கூரையையும், அவங்கவங்க ஊரு வானத்தையும் பாத்துத்தான் முடிவெடுக்கணும். அடுத்த வீட்டுக்காரன் வாயப் பாத்து எடுக்கக் கூடாது. நான் கணக்குப் பாக்காம நட்டப்பட்டேன், அது என் முட்டாத்தனம். அத மறைச்சி ஊருக்குப் பெருமை பேசுனேன் பாரு, அதுதான் துரோகம். ஏமாந்தவன் கௌரவத்துக்காக வாய மூடிக்கிட்டா, அவன்தான் அடுத்தவன ஏமாத்துற வெளம்பரம். எட்டு மாசமா நான் அந்த வேலையத்தான் பாத்திருக்கேன். சம்பளங்கூட இல்லாம."

பேனாவை எடுத்துத் தனுஷன் பக்கம் உருட்டிவிட்டார்.

"ஒம் மண்மேடு மூணு வருசம் காத்திருக்காது. நாளைக்கே மேசனக் கூப்புடு," என்று முடித்தார்.

தனுஷன் கலண்டருக்கு அடியிலிருந்து தன் சூரியனை உருவி மடித்தான். சாயத்தண்ணியைக் குடித்து முடித்தான். இந்த மாதம் நான்கு வீடு பிடிக்காவிட்டால் தனக்கும் சம்பளம் முழுதாக வராது என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். உனக்கும் அரைப் பேரா என்று கேட்டார் ஆண்டியப்பன். அவனுக்கு அது விளங்கவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். வேலாயியும் எழுந்தாள். போகும்போது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, நாளைக்கு மலைக்குப் போகையில் தன்னையும் கூப்பிடும்படி காளியாயியிடம் சொல்லிவிட்டுப் போனாள். கல்லுக்குப் போகிற காசில் கொஞ்சத்தைக் கொழுந்தில் மீட்கலாம் என்பது அவள் எண்ணம்.

அதனால் ஆண்டியப்பனின் கடன் ஒரு ரூபாயாவது குறைந்ததா என்றால் இல்லை. மறுநாள் காலை கூரையில் ஏறி ஈரத்துணியால் தகடுகளைத் துடைத்தார். துணி நான்கு முறை கறுத்தது. தவணைக் காலத்தை நீட்டித் தருவார்களா என்று வங்கியில் கேட்கச் சொல்லி ஜீவராஜுக்கு ஃபோன் போட்டார். அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கன்னத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வலிப்பது போல இருந்தது.

மேல் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் புதன்கிழமை தனுஷனை வரச் சொல்லியிருப்பதாகக் காளியாயி சொன்னாள். ஆண்டியப்பன் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பெரட்டு கலையும்வரை வழியில் நின்றுவிட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஆபீசுக்குப் போனார்.

இராமையா கம்பி வேலிக்குள் இருந்தார். மூன்று வருடத்துப் புத்தகங்களையும் பார்க்க முடியுமா, மாதத்துக்கு எத்தனை நாள் மழை என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆண்டியப்பன் வேலியைப் பார்த்துச் சொன்னார். இராமையா ஏன் என்று கேட்கவில்லை. பழைய புத்தகங்கள் உள்ளே அலுமாரியில் இருக்கின்றன, எடுத்துவருகிறேன் என்றார். அதுவரைக்கும் இதைப் பிடியுங்கள் என்று போத்தலையும் கண்ணாடிக் குவளையையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆண்டியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். போத்தல் தண்ணீரைச் சிந்தாமல் குவளையில் ஊற்றினார். கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணை மூடினார். பதினெட்டு. கரும்பலகைக்குக் கீழே சோக்கட்டி இருந்தது. எடுத்து, பதினெட்டு என்று எழுதினார்.